"புரிஞ்சது சார்!"

ஆசிரிய நண்பர்களே, வணக்கம்.

பாடம் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்கிறோம். வகுப்பே ஒரே குரலில் "புரிஞ்சது சார்!" என்கிறது. அந்தக் கோரஸை நம்பிப் பல வருடம் அடுத்த பாடத்துக்குத் தாவியவன் நான். விடைத்தாள் திருத்தும்போதுதான் குட்டு உடையும்.

இப்போது வேறு மாதிரி கேட்கிறேன். மேலே எறிந்த பந்து உச்சியில் இருக்கும் கணத்தில் அதன் முடுக்கம், அதாவது வேகம் மாறும் வீதம், என்ன? கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். கஷ்டமான வேலை இதுதான். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் கணக்கெடுத்தபோது, ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடிதான். அதை 3 நொடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடிதானே என்று நினைக்காதீர்கள், நின்று பார்த்தால் யுகமாக இருக்கும்!

அப்புறம் ஒவ்வொருவரும் தன் விடையை எழுதிவிட்டுக் கை தூக்க வேண்டும். பெரும்பாலும் "சுழி" என்பார்கள். நான் சரி, தப்பு எதுவும் சொல்வதில்லை. "பக்கத்தில் வேறு விடை எழுதியவரிடம் வாதாடுங்கள்" என்பேன். ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் 1990களில் பரப்பிய முறை இது. வகுப்பு சந்தைக்கடை ஆகும், ஆகட்டும். ஒருமுறை பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண்ணின் குரல்: "வேகம்தான்டி சுழி. முடுக்கமும் சுழின்னா பந்து அங்கேயே தொங்கிட்டு நிக்கணுமே!" தோழி பேனாவை மேலே தூக்கிப் போட்டுப் பார்த்தாள். பிறகு தன் விடையை அடித்துவிட்டு, புவியீர்ப்பு முடுக்கம் என்று எழுதினாள். அரை மணி நேரம் நான் விளக்கியிருந்தாலும் அந்தத் "தொங்கிட்டு" எனக்கு வந்திருக்காது.

எல்லா விடையும் சரியாகவோ எல்லாமே தப்பாகவோ இருந்தால் இது பலிக்காது. அப்போது பேசாமல் நாமே நடத்திவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. பிள்ளைகள் இதை உடனே ரசிக்க மாட்டார்கள். ஹார்வர்டிலேயே 2019-இல் வெளியான ஆய்வில், இப்படிப் படித்தவர்கள் தேர்வில் கூடுதலாக எடுத்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். சரளமான விரிவுரை கேட்டவர்களுக்கோ நிறையக் கற்ற திருப்தி. யோசித்துப் பாருங்கள், "புரிஞ்சது சார்" என்ற பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. நான் நன்றாகப் பேசியிருக்கிறேன், அவ்வளவுதான். அதனால் இந்த ஆய்வை முதல் நாளே வகுப்பில் சொல்லிவிடுகிறேன். முணுமுணுப்பு கொஞ்சம் குறைகிறது.