குறு மண்டலங்களைப் புறஊதாவில் பார்ப்போம்

அவையோருக்கு வணக்கம்.

தூரத்து விண்மீன் மண்டலம் ஒன்றில் புது விண்மீன்கள் பிறக்கின்றனவா என்று அறிய வானியலாளர்கள் வெகுகாலம் நம்பியது ஹைட்ரஜன்-ஆல்பா என்னும் சிவப்பு ஒளியை. சூரியனைவிடப் பதினைந்து, இருபது மடங்கு நிறையுள்ள விண்மீன்கள் சுற்றியுள்ள வாயுவைச் சூடாக்கி அயனியாக்கும்போது, அதாவது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரிக்கும்போது, எழும் ஒளி அது. அந்த விண்மீன்களோ பிறந்து ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளில் வெடித்து முடிந்துவிடும்.

நம் பால்வீதி போன்ற பெரிய மண்டலத்தில் இதனால் சிக்கலில்லை. எங்காவது ஒரு மூலையில் அப்படியொரு ராட்சதன் இருந்துகொண்டே இருப்பான். குறு மண்டலங்கள் எனப்படும் சிறிய விண்மீன் மண்டலங்களில் பிறப்பே குறைவு. ராட்சதன் எப்போதோ ஒருவன்தான். அவன் போனதும் சிவப்பு ஒளி மங்கும். உடனே அந்த மண்டலம் ஓய்ந்துவிட்டது என்று சொன்னால், வெடிச்சத்தம் கேட்கவில்லை என்பதால் ஊரில் ஆளே இல்லை என்று முடிவுகட்டியது போலாகும்.

புறஊதா ஒளி அப்படி ஏமாற்றாது. சூரியனைவிட மூன்று, நான்கு மடங்கு நிறையுள்ளவையும் அதில் பங்களிக்கின்றன. ஆகவே கடந்த பத்துக் கோடி ஆண்டுகளில் பிறந்தவற்றின் கணக்கு அதில் கிடைக்கும். 2003இல் ஏவப்பட்ட நாசாவின் கேலெக்ஸ் புறஊதாத் தொலைநோக்கியின் தரவுகளை வைத்து, இரண்டு ஒளிகளையும் வானியலாளர்கள் 2009இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மண்டலம் சிறுக்கச் சிறுக்க, சிவப்பு ஒளி காட்டும் பிறப்பு வீதம் புறஊதா காட்டுவதைவிடக் குறைந்துகொண்டே போனது. பிறப்பு விட்டுவிட்டு நடப்பதாலா, பெரிய விண்மீன்களே அங்கு அரிதாக உருவாவதாலா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

இந்தப் புறஊதா ஒளியை நம் வளிமண்டலம் தடுத்துவிடுகிறது. மேலே போனால்தான் பார்க்க முடியும். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன இந்திய வானியல் செயற்கைக்கோளான அஸ்ட்ரோசாட்டில் 37.5 செ.மீ. விட்டமுள்ள இரண்டு புறஊதாத் தொலைநோக்கிகள் இருக்கின்றன. கேலெக்ஸின் ஆடி 50 செ.மீ. என்றாலும், கூர்மையில் அஸ்ட்ரோசாட் அதை மிஞ்சியது. கேலெக்ஸுக்கு ஒரே திட்டாகத் தெரிந்தது இதற்குத் தனித்தனி முடிச்சுகளாகப் பிரிந்து தெரிந்தது.

அந்தக் கூர்மை எதற்கு உதவியது என்று கேட்டால், ஐசி 2574 என்ற குறு மண்டலத்தைச் சொல்வேன். வானத்தில் சப்தரிஷி நட்சத்திரங்களின் திசையில், சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அதன் ஹைட்ரஜன் வாயுவில் பெரும் பெரும் ஓட்டைகள். செத்த விண்மீன்களின் வெடிப்பு வாயுவைத் தள்ள, ஓட்டையின் விளிம்பில் அது நெருங்கிப் புது விண்மீன்கள் பிறக்கும் என்பது அழகான கருத்து. 2019இல் பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தார் அங்கே 419 புறஊதாத் திட்டுகளை அடையாளம் கண்டார்கள். விளிம்புகளில் கணிசமானவை இருந்தன, உண்மைதான். ஆனால் பாதிக்கும் மேற்பட்டவை ஓட்டைக்கும் விளிம்புக்கும் சம்பந்தமே இல்லாத இடங்களில் இருந்தன. வெடிப்பு ஒன்றே காரணம் என்று இனிச் சொல்ல முடியாது.

அஸ்ட்ரோசாட்டின் இன்னொரு முடிவு 2022இல் வந்தது. 150 கோடி முதல் 390 கோடி ஒளியாண்டு தூரத்திலுள்ள 11 குறு மண்டலங்களில், கண்ணுக்குரிய ஒளியில் தெரியும் எல்லைக்கு வெளியேயும் புறஊதா ஒளி பரவியிருந்தது. வெளியிலிருந்து வாயு வந்து சேர்கிறது. ஓரத்தில் பிறக்கும் விண்மீன் கூட்டங்கள் மெல்ல உள்ளே நகர்ந்து மையத்தை வளர்க்கின்றன என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். மண்டலம் வளரும் இடத்தையே நமக்குக் காட்டுகிறது என்பதால், அஸ்ட்ரோசாட்டின் முடிவுகளில் இதைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன்.