பக்கவாத ஆய்வுக்கு வர மருத்துவராக இருக்க வேண்டுமா? ஒரு மாணவியின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்று ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்கு இரண்டு நிமிடங்களில் பதில் சொல்வது கேட்டவருக்கு நியாயம் செய்வதாகாது. கேட்டிருப்பவர் எம்.எஸ்சி. உயிரித் தொழில்நுட்பம் முதலாண்டு படிக்கும் மாணவி. அவருடைய தாத்தாவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு பக்கவாதம் வந்து, வலது கையும் பேச்சும் போய்விட்டன. "பக்கவாதத்தையும் மற்ற மூளை நோய்களையும் ஆராயும் வேலைக்கு வர விரும்புகிறேன். நான் மருத்துவம் படிக்கவில்லையே, எனக்கு அங்கே இடம் உண்டா? எத்தனை ஆண்டுகள் ஆகும்? அதை நம்பிப் பிழைக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறார்.

இடம் உண்டு, அம்மா. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. பக்கவாதத்துக்கு இன்று நம்மிடம் இருக்கும் சிகிச்சைகள் எப்படி வந்தன என்று பார்த்தாலே அது விளங்கும்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் உறைந்த ரத்தக்கட்டி அடைத்துக்கொள்ளும்போது அந்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை ஊசி வழியாகச் செலுத்துகிறார்கள். டி.பி.ஏ. என்று மருத்துவமனைகளில் சொல்வார்கள். ஜஸ்டின் ஜிவின் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1985-இல் முயல்களின் மூளைக்குழாயில் ரத்தக்கட்டியைச் செலுத்திப் பார்த்து, இந்த மருந்தைச் சீக்கிரம் கொடுத்தால் பாதிப்பு குறைகிறது என்று காட்டினார்கள். மனிதர்களில் அது உறுதியாகப் பத்து ஆண்டுகள் ஆயின. அமெரிக்க அரசின் நரம்பியல் ஆய்வு நிறுவனம் நடத்திய பரிசோதனையின் முடிவு 1995 டிசம்பரில் வெளிவந்தது. அதில் பங்கேற்றவர்கள் 624 நோயாளிகள் மட்டுமே. ஆனால் ஒவ்வொருவருக்கும் அறிகுறி தொடங்கிய 3 மணி நேரத்துக்குள் மருந்தோ, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மருந்தில்லாத ஊசியோ செலுத்தப்பட்டிருக்க வேண்டும், அதிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு 90 நிமிடங்களுக்குள். பக்கவாத நோயாளியை மறுநாள் காலை வார்டில் பார்த்தால் போதும் என்று மருத்துவ உலகம் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், 90 நிமிடங்களுக்குள் ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்து, குடும்பத்தாரிடம் சம்மதம் பெற்று, ஊசி போடுவது எப்படி நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆம்புலன்ஸ் ஊழியர், அவசர சிகிச்சைப் பிரிவின் செவிலியர், ஸ்கேன் அறைத் தொழில்நுட்பர், மருந்தாளுநர் ஆகிய எல்லோரும் சேர்ந்து வேலை செய்யும் முறையையே மாற்றினால்தான் அந்த ஆய்வு நடக்கும் என்ற நிலை இருந்தது.

அதே ஆய்வில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒரு நோயாளி தேறிவிட்டார் என்பதை எதைக் கொண்டு சொல்வது? கையை அசைக்கிறார், ஆனால் தானாகக் குளிக்க முடியவில்லை; நடக்கிறார், ஆனால் பழைய வேலைக்குப் போக முடியவில்லை. ஒரே அளவுகோலை நம்பினால் உண்மை நழுவிவிடும். எனவே நான்கு வெவ்வேறு அளவுகோல்களை ஒருங்கே சேர்த்து ஒரே முடிவு சொல்லும் புள்ளியியல் முறையை அந்த ஆய்வில் பயன்படுத்தினார்கள். அதை முன்னின்று செய்தவர் பார்பரா டில்லி என்ற புள்ளியியலாளர். அவர் மருத்துவர் அல்லர். மூன்று மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, மருந்து பெற்றவர்கள் ஊனம் இல்லாமலோ மிகச் சிறிய ஊனத்தோடோ இருக்கும் வாய்ப்பு, பெறாதவர்களைவிடக் குறைந்தபட்சம் 30 விழுக்காடு கூடுதலாக இருந்தது. மூளைக்குள் ரத்தம் கசிந்து நிலை மோசமானவர்கள் மருந்து பெற்றவர்களில் 6.4 விழுக்காடு, பெறாதவர்களில் 0.6 விழுக்காடு. நன்மை, தீமை இரண்டையும் மறைக்காமல் எடைபோட்டுக் காட்டியதால்தான் 1996-இல் அந்த மருந்துக்கு அங்கே அனுமதி கிடைத்தது. நம் ஊர் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இன்று "எத்தனை மணிக்குத் தொடங்கியது?" என்று முதலில் கேட்கிறார்கள் என்றால், அந்தக் கேள்வியின் வேர் இந்த ஆய்வில் இருக்கிறது.

இயன்முறை மருத்துவம் படித்தவர்களும் இந்தக் காணொளியைப் பார்ப்பார்கள் என்பதால் இன்னொருவரைப் பற்றியும் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் ஜூலி பெர்ன்ஹார்ட் ஒரு பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்களை முதல் 24 மணி நேரத்துக்குள் படுக்கையிலிருந்து எழுப்பி, அடிக்கடி உட்காரவும் நிற்கவும் வைத்தால் விரைவில் தேறுவார்கள் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. அது மெய்தானா என்று பார்க்க, ஐந்து நாடுகளில் 56 மருத்துவமனைகளில் 2,104 நோயாளிகளை வைத்து அவர் ஓர் ஆய்வை நடத்தினார். 2006-இல் தொடங்கிய அந்த ஆய்வின் முடிவு 2015-இல் வந்தது. அவ்வளவு சீக்கிரமாகவும் அவ்வளவு அதிகமாகவும் எழுப்பி நடக்க வைத்தவர்களின் நிலை, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களை விடச் சற்றுக் குறைவாகவே இருந்தது. ஒன்பது ஆண்டுகள் உழைத்து, தான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறான விடையைப் பெற்று, அதை அப்படியே வெளியிட்டார். அதனால் உலகெங்கும் வார்டுகளில் பழக்கம் மாறியது. இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் செயல் இது. இந்தியாவிலும் இப்படி நடந்திருக்கிறது. வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்து அவர்களைக் கொண்டே நோயாளிக்கு மறுவாழ்வுப் பயிற்சி அளிக்கலாமா என்று 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2017-இல் வந்தது. லூதியானாவைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் ஜெயராஜ் துரை பாண்டியன் அதில் முக்கியப் பங்கு வகித்தார். கூடுதல் பயன் எதுவும் தெரியவில்லை என்பதே விடை. நம் நாட்டுக் குடும்ப அமைப்புக்கு மிகவும் பொருந்தும் என்று எல்லோரும் நம்பிய ஒரு வழியைச் சோதித்துப் பார்த்து, 'பயன் தெரியவில்லை' என்று சொல்ல மனத்துணிவு வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பக்கவாத ஆய்வில் தோல்விகளின் எண்ணிக்கை மிகவும் பெரியது. ரத்தம் கிடைக்காத மூளைச் செல்களைச் சாகாமல் காக்கும் மருந்தைத் தேடி 2006 வரை ஆய்வுக்கு உட்பட்ட சிகிச்சைகளை ஒரு குழு எண்ணிப் பார்த்தபோது 1,026 என்று வந்தது. அவற்றில் மனிதர்கள் வரை வந்தவை 114. விலங்குகளில் நன்றாக வேலை செய்த ஒரு மருந்து, 2006-இல் வெளியான முதல் பெரிய ஆய்வில் நம்பிக்கை தந்தது. மறு ஆண்டில் 3,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்தபோது பயனற்றது என்று தெரிந்தது. காரணங்கள் பல. ஆய்வுக்கூடத்து எலிகள் இளமையானவை, ரத்தக்கொதிப்போ சர்க்கரையோ இல்லாதவை. அடைப்பு ஏற்பட்ட சில நிமிடங்களிலேயே அவற்றுக்கு மருந்து கிடைக்கிறது. உங்கள் தாத்தா மருத்துவமனைக்கு வந்து சேர எத்தனை மணி நேரம் ஆனது என்று நினைத்துப் பாருங்கள். எந்த எலிக்கு மருந்து, எந்த எலிக்கு வெறும் உப்புநீர் என்பதை அளப்பவரும் அறிந்தே இருந்த ஆய்வுகளும் அந்தக் கணக்கில் இருந்தன. நானும் ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில், இளம் எலிகளில் அழகாக வேலை செய்த ஒரு பொருளை வயதான எலிகளில் சோதிக்க வேண்டும் என்று கேட்டபோது, கட்டுரை தாமதமாகும் என்று சொல்லி அனுமதி மறுக்கப்பட்டது. அன்று இன்னும் ஒரு முறை வற்புறுத்திக் கேட்டிருக்க வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆகவே வழிகாட்டியைத் தேடும்போது, எத்தனை கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார் என்பதோடு, "எதிர்மறை முடிவு வந்தால் உங்கள் ஆய்வகத்தில் அதை வெளியிடுவீர்களா?" என்று அவருடைய மாணவர்களிடம் தனியாகக் கேளுங்கள்.

தோல்வியைச் சரியாகப் படித்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. தொடை ரத்தக்குழாய் வழியாகக் குழல் செலுத்தி மூளையில் உள்ள ரத்தக்கட்டியை வெளியே எடுக்கும் முறைக்குப் பயன் இல்லை என்று 2013-இல் மூன்று ஆய்வுகள் வந்தன. பெரிய குழாயில் அடைப்பு இருப்பதை ஸ்கேனில் உறுதிசெய்துகொள்ளாமலே பலரைச் சேர்த்துவிட்டோம், கருவிகளும் பழையவை என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். அவற்றைத் திருத்தியபின், நெதர்லாந்து ஆய்வு தொடங்கி 2015-க்குள் ஐந்து ஆய்வுகள் வரிசையாக வெற்றி பெற்றன. ரத்தக்கட்டியைப் பிடித்து இழுக்கும் புதிய வலைக்கருவிகளை வடிவமைத்ததில் பொறியாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இனி ஆண்டுக்கணக்கு. மருத்துவர்களுக்கு எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.டி. மூன்று, நரம்பியல் டி.எம். மூன்று என்று பதினொன்றரை ஆண்டுகள் போனபின்தான் ஆய்வுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும், அதுவும் வெளிநோயாளிகளின் கூட்டம் விட்டால். உங்கள் வழி வேறு. எம்.எஸ்சி. முடியும் தறுவாயில் சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வையோ, ஐ.சி.எம்.ஆர்., உயிரித் தொழில்நுட்பத் துறை ஆகியவற்றின் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) தேர்வையோ எழுதலாம். 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும் அதன்பின் 42,000 ரூபாயும், வீட்டு வாடகைப்படி தனியாகவும் கிடைக்கும். பணம் சில மாதங்கள் தாமதமாக வருவதும் உண்டு. கையில் கொஞ்சம் சேமிப்பு வைத்துக்கொள்ளுங்கள். முனைவர் பட்டத்துக்கு ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள், அதன்பின் போஸ்ட் டாக், அதாவது பட்டத்துக்குப் பின் இன்னோர் ஆய்வகத்தில் செய்யும் ஆய்வுப் பணி, மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். உங்கள் பெயரில் ஓர் ஆய்வகம் அமையும்போது முப்பதுகளின் நடுவில் இருப்பீர்கள். அமெரிக்காவில் ஒருவர் தன் பெயரில் முதல் பெரிய அரசு ஆய்வு நிதியைப் பெறும் சராசரி வயது 40-ஐத் தாண்டிவிட்டது. இதை உங்கள் வீட்டில் இன்றே சொல்லிவிடுவது நல்லது.

படிக்க எங்கே போகலாம் என்றால், பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ், ஹரியானா மானேசரில் உள்ள தேசிய மூளை ஆய்வு மையம், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனம், சென்னை ஐ.ஐ.டி. ஆகியவற்றைப் பாருங்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆய்வு மையம், கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்துக் கிராமங்களில் வயதானவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து மறதிநோய் எப்படி வருகிறது என்று ஆராய்கிறது. மரபணு, ஸ்கேன், ஊட்டச்சத்து, களப்பணி என்று பலதரப்பட்ட ஆட்கள் அங்கே தேவைப்படுகிறார்கள். பேராசிரியர் வேலை எல்லோருக்கும் கிடைக்காது என்பதும் உண்மை. மருந்துப் பரிசோதனைகளை ஒருங்கிணைப்பது, அவற்றின் தரவுகளைப் பராமரிப்பது, புள்ளியியல் ஆகிய வேலைகளில் சம்பளம் நிலையாக இருக்கும், அவையும் ஆய்வுதான். எனவே முதலாண்டிலேயே புள்ளியியலும் கொஞ்சம் நிரல் எழுதுவதும் கற்றுக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் நான் வற்புறுத்துவேன். எந்த ஆய்வகத்தில் சேர்ந்தாலும், பக்கவாத நோயாளிகள் இருக்கும் வார்டில் அனுமதி பெற்றுச் சில வாரங்கள் உட்காருங்கள். கனடாவின் மில்லர் ஃபிஷர் இரண்டாம் உலகப் போரில் மூன்றரை ஆண்டுகள் ஜெர்மானியரிடம் போர்க் கைதியாக இருந்துவிட்டு, முப்பது வயதுக்குப் பிறகுதான் நரம்பியலுக்கு வந்தார். மாண்ட்ரியலில் பக்கவாத நோயாளிகளிடம் பொறுமையாகப் பேசியபோது, முடக்கம் வருவதற்குச் சில நாட்கள் முன்பு ஒரு கண்ணில் பார்வை சிறிது நேரம் மங்கி மீண்டது என்று சொன்னவர்களைக் கண்டார். முடங்கிய கை ஒரு பக்கம், மங்கிய கண் மறுபக்கம். கண்ணுக்கும் மூளையின் அந்தப் பாதிக்கும் ரத்தம் கொண்டுபோவது கழுத்தில் உள்ள ஒரே குழாய் என்பதால், நோய் கழுத்தில் இருக்கலாம் என்று அவர் யோசித்தார். இறந்தவர்களின் கழுத்துக் குழாய்களைத் திறந்து பார்த்து 1951-இல் எழுதினார். என்றாவது ஒருநாள் அறுவை மருத்துவர்கள் இதைச் சரிசெய்யக்கூடும் என்றும் எழுதினார். சில ஆண்டுகளிலேயே அது நடந்தது. நோயாளி சொன்ன ஒரு சிறு விவரத்தைப் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால் அந்தக் கண்டுபிடிப்பு அவர் கைக்கு வந்திருக்காது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரனும், கையை இழந்தவர்கள் இல்லாத அந்தக் கையில் வலிக்கிறது என்று சொன்னதை நம்பிக் கேட்டதால்தான் கண்ணாடியை வைத்துச் செய்யும் பயிற்சி பிறந்தது. பக்கவாதத்தில் முடங்கிய கைக்கும் அதை இன்று பயன்படுத்துகிறார்கள். உங்கள் தாத்தாவுக்கும் பிசியோதெரபிஸ்ட் அதைச் செய்திருக்கக்கூடும்.

தாத்தாவுக்காக வருகிறேன் என்று சொல்வது ஆய்வாளருக்குத் தகாது என்று சிலர் உங்களிடம் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தாய்க்கு, மூளையைச் சிதைக்கும் பரம்பரை நோயான ஹண்டிங்டன் நோய் வந்ததால் அந்த ஆய்வுக்கு வந்த நான்சி வெக்ஸ்லர், மருத்துவர் அல்லர், உளவியல் படித்தவர். வெனிசுவேலாவின் மரக்கைபோ ஏரிக்கரைக் குடும்பங்களிடம் ஆண்டுதோறும் போய் ரத்த மாதிரிகளைச் சேகரித்த குழுவை அவர் நடத்தினார். அந்த நோய்க்குக் காரணமான மரபணு இருக்கும் இடம் 1983-இல் தெரிந்தது, மரபணு 1993-இல் கைக்கு வந்தது. தாயார் 1978-லேயே இறந்துவிட்டார். உங்கள் ஆய்வு தாத்தாவுக்கு உதவாமல் போகலாம், அம்மா. அதைத் தெரிந்துகொண்டே வாருங்கள்.

இந்த ஆண்டு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாதங்கள் ஒரு மூளை ஆய்வகத்தில் வேலை செய்யலாம். அதற்கு முன், தாத்தாவுக்கு அன்று முதலில் என்ன ஆனது, எத்தனை மணிக்கு ஆனது, யார் கவனித்தார்கள், எந்த மருத்துவமனைக்கு எப்போது போய்ச் சேர்ந்தீர்கள் என்று பாட்டியிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். எங்கே நேரம் போனது என்று பார்த்து, உங்களுக்குத் தோன்றும் கேள்வியை எனக்கு அனுப்புங்கள்.