ஏரிக்கரையில் ஒரு பட்டை புல்

அவைத் தலைவர் அவர்களே, எனக்கு முன் பேசி அவையைக் கலகலப்பாக்கிய மருத்துவர் அம்மையார் அவர்களே, மண்டபத்தை வாடகையின்றித் தந்துதவிய நூலக நிர்வாகிகளே, சிரக்கியூஸிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் குழந்தை குட்டிகளோடு வந்திருக்கும் தமிழ்ப் பெருமக்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். தலைவர் அவர்கள் எனக்குரிய நேரத்தில் பாதியை என்னைப் புகழ்வதற்கே செலவிட்டுவிட்டார், மீதியில் பேசுகிறேன்.

நியூயார்க் மாநிலத்தில் நம் சிரக்கியூஸ் நகருக்கு அருகே உள்ள ஸ்கேனியாட்லஸ் என்னும் டவுனின் ஏரி, உழவு, படகு விளையாட்டு ஆகிய மூன்றையும் பற்றிச் சொல்ல வந்தேன். ஏரிமுனையில் கடைத்தெருவோடு கூடிய ஒரு கிராமம், மாட்வில், மண்டானா போன்ற குடியிருப்புகள், இடையே சோளக் காடுகளும் பால் பண்ணைகளும் சேர்ந்ததே அந்த டவுன். பனிப்பாறைகள் குடைந்த அந்த ஏரி 16 மைல் நீளமும் ஏறத்தாழ 300 அடி ஆழமும் உடையது. 1894 முதல் சிரக்கியூஸ் நகரம் அதன் நீரைத்தான் குடிக்கிறது. ஏரி மேட்டில் இருப்பதால் நீர் தானாகவே இறங்கி வருகிறது.

ஊரிலிருந்து வந்த என் மாமனார், குழாய்த் தண்ணீரைக் கண்டதும் வெந்நீர் கேட்டார். “மாமா, அப்படியே குடிக்கலாம்” என்றேன். ஒரு மிடறு விழுங்கிவிட்டு, “இளநீர் மாதிரி இருக்கிறதே மாப்பிள்ளை, எங்கே வடிகட்டுகிறார்கள்?” என்றார். வடிகட்டும் ஆலையே கிடையாது, கிருமி நீக்குவதோடு சரி என்றதும், இரண்டாம் மிடறு வாயிலேயே நின்றுவிட்டது! விழுங்குவதா, துப்புவதா என்று அவர் பட்ட பாட்டை என் மாமியார் இன்றும் நடித்துக் காட்டுவார். மறுநாள் ஏரிக்கு அழைத்துப் போனேன். துறையின் ஓரத்தில் குனிந்து, அடியில் கிடந்த கூழாங்கற்களைப் பார்த்தார். பிறகு, கரைமேட்டில் உழுதிருந்த வயலைக் காட்டி, “மழை பெய்தால் அந்த மண் எங்கே போகும்?” என்று கேட்டார். உழவர் அல்லவா!

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் பழமொழி. நான் மேடைதோறும் சொல்வது. 2017 செப்டம்பரில் அந்த ஏரியிலேயே நச்சு உண்டாக்கக்கூடிய நீலப்பச்சைப் பாசி படர்ந்தது. கனமழை வயலின் உரத்தையும் சாணத்தையும், வீடுகளின் கழிவுநீர்த் தொட்டிக் கசிவையும் ஓடைகள் வழியே கொண்டு சேர்க்கும்போது, அவற்றிலுள்ள பாஸ்பரஸ் பாசிக்குத் தீனியாகிறது. உழவரைப் பழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கம்பளித் துணியின் மயிரை எழுப்ப உதவும் டீசெல் என்னும் முட்செடியை, விதைத்த மறு ஆண்டுவரை காத்திருந்து அறுவடை செய்த பொறுமைசாலிகளின் நிலம் அது. ஏரியைக் காக்கும் வேளாண் பணிகளுக்கு 1990களிலிருந்து சிரக்கியூஸ் நகரமே பணம் தருகிறது. உழவர்கள் விரும்பிச் சேர்கிறார்கள்.

ஆனால் அது போதாது. ஓடைக்கரைதோறும் உழாத ஒரு பட்டை புல்லும் புதரும் இருந்தால், ஓடிவரும் மண்ணும் அதனோடு ஒட்டிய பாஸ்பரஸும் பெருமளவு அங்கேயே தங்கிவிடும். வெள்ளம் வருமுன் போட வேண்டிய அணை அதுதான். அதற்காக உழவர் இழக்கும் விளைச்சலுக்கு, தண்ணீர் குடிக்கும் நாம் ஈடு கொடுக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

தலைவர் மணியைத் தொடுகிறார். படகு விளையாட்டில், லைட்னிங் வகைப் பாய்மரப் படகு 1938இல் முதன்முதலாகக் கட்டப்பட்டது ஸ்கேனியாட்லஸில்தான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கோரிக்கை மனு வாயிலருகே மேசையில் இருக்கிறது. சிற்றுண்டிக்குப் போகும் முன் கையெழுத்திடுங்கள், தண்ணீர்க் கட்டணம் கட்டுபவர்கள் அதையும் குறிப்பிடுங்கள். நன்றி, வணக்கம்.