துடைக்கும் கையா, திறந்த ஜன்னலா?

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் இருக்கும் அக்கா, அண்ணன்மார்களுக்கும், இவ்வளவு நேரமாகியும் எழுந்து போகாமல் கேட்டுக்கொண்டிருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பெருந்தொற்று நாட்களில் வீட்டைக் காப்பது துடைக்கும் கையா, திறந்த ஜன்னலா என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அக்கா துடைக்கும் கைக்காக வாதாடினார். 2020-ல் பால் பாக்கெட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவியதையும், கத்தரிக்காயை மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்ததையும், கதவுக் கைப்பிடியை நாளுக்கு நான்கு தடவை துடைத்ததையும் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. எங்கள் வீட்டிலும் அம்மா அதையே செய்தார். கூரியர் பெட்டி வந்தால் மூன்று நாள் திண்ணையில்தான் கிடக்கும். யாரும் தொடக்கூடாது. அந்த உழைப்பைக் குறைத்துப் பேச நான் இங்கே வரவில்லை.

ஆனால் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அது ஏன் மூன்று நாள்? அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?

2020 மார்ச் மாதம் அமெரிக்க விஞ்ஞானிகள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கொரோனா கிருமி பிளாஸ்டிக்கிலும் ஸ்டீலிலும் 72 மணி நேரம் வரை இருக்கலாம், அட்டையில் 24 மணி நேரம் வரை இருக்கலாம் என்று அதில் இருந்தது. 72 மணி நேரம் என்றால் மூன்று நாள். அதுதான் நம் திண்ணைக்கு வந்து சேர்ந்தது. ஆனால் நடுவர் அவர்களே, அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருந்தது. காற்றில் மிதக்கும் நுண்துளிகளில், சோதனை நடந்த 3 மணி நேரமும் கிருமி உயிர்ப்போடு இருந்தது. பிளாஸ்டிக் பற்றிய வரி வீடு வீடாகப் போனது. காற்று பற்றிய வரி யார் காதிலும் விழவில்லை. நாம் பாதித் தாளைத்தான் படித்தோம். படித்த பாதிக்கு ஒரு வருஷம் தரையைத் தேய்த்தோம்.

அந்த மார்ச் கடைசியில் உலக சுகாதார நிறுவனமே இது காற்றில் பரவும் நோய் அல்ல என்று அடித்துச் சொன்னது. ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து, காற்றைக் கவனியுங்கள் என்று பகிரங்கமாகக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. 2021 ஏப்ரலில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு கணக்குச் சொன்னது. கிருமி பட்ட ஒரு பொருளை ஒருமுறை தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு பொதுவாக 10,000-ல் ஒன்றுக்கும் குறைவு. எதிரணியினர் இந்த எண்ணை வீட்டுக்குப் போய் ஒருதடவை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, காற்று என்றால் என்ன அர்த்தம்? சமையலறையில் மிளகாய் வறுக்கிறோம். கூடத்தில் இருக்கிறவர் தும்முகிறார், திண்ணையில் இருக்கிறவர் இருமுகிறார். அவர்கள் மிளகாயைத் தொடவே இல்லை. அந்த நேரத்தில் நம் வீட்டுப் பெண்கள் பினாயில் ஊற்றித் தரையைத் துடைப்பார்களா? ஓடிப்போய் ஜன்னலைத் திறப்பார்கள். கொல்லைக் கதவைத் திறப்பார்கள். கிருமியைச் சுமக்கும் நுண்துளி ஏறக்குறைய அப்படித்தான் வீட்டில் பரவுகிறது. மிளகாய் நெடி கண்ணை எரித்துத் தன்னைக் காட்டிக் கொடுக்கிறது, இது காட்டிக் கொடுப்பதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகரத்து ஓட்டல் ஒன்றில் மூன்று குடும்பங்கள் அடுத்தடுத்த மேசைகளில் மதியச் சாப்பாடு சாப்பிட்டன. ஜன்னல் இல்லாத கூடம், ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் கேமராப் பதிவைப் பார்த்தபோது, குடும்பங்களுக்கு இடையே நெருங்கிய தொடர்பு எதுவும் தெரியவில்லை. ஆனாலும் மூன்று குடும்பத்திலும் சேர்த்து 10 பேருக்கு நோய். உள்ளேயே சுற்றிய பழைய காற்று செய்த வேலை அது.

எங்கள் பெரியம்மா வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். 2021 மே மாதம், இரண்டாம் அலை. வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்த அண்ணனுக்குத்தான் முதலில் காய்ச்சல். தனி அறை கொடுத்தார்கள், தனித் தட்டு, தனி டம்ளர். எல்லாம் சரியாகச் செய்தார்கள். ஆனால் காற்று பட்டால் காய்ச்சல் ஏறும் என்று அந்த அறை ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். கொசு வரும் என்று கூடத்து ஜன்னலையும் சாத்தினார்கள். அறைக் கதவை அவ்வப்போது திறந்து கஞ்சி கொடுத்தார்கள். பெரியம்மா நாளுக்கு மூன்று தடவை பிளீச்சிங் கரைத்து வீட்டைத் துடைத்தார். ஒருநாள் பாத்ரூம் கழுவும் ஆசிட்டையும் அதில் கலந்துவிட்டார். பிளீச்சிங்கும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அதுவும் சாத்திய வீட்டில்! அன்று இரவு முழுக்க அவருக்கு மூச்சு இழுத்தது.

இப்படி ஆனது அவருக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் 2020-ன் முதல் மூன்று மாதத்தில், சுத்தம் செய்யும் திரவங்களால் வந்த பாதிப்புக்காக நச்சுத் தகவல் மையங்களுக்கு 45,550 அழைப்புகள் போயின. முந்தைய வருஷத்தின் அதே மாதங்களை விட 20 சதவீதம் அதிகம். எல்லோரும் வீட்டைக் காக்க நினைத்தவர்கள்தான்.

ஒரு வாரத்துக்குள் அந்த வீட்டில் ஐந்து பேருக்கும் நோய் வந்தது. பெரியப்பா ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வரவில்லை. ஜன்னல் திறந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்த வீட்டில் துடைக்கும் கை ஓயவே இல்லை என்பதற்கு நானே சாட்சி.

அதே மே மாதம், 20-ம் தேதி வாக்கில், இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் ஓர் அறிவுரை வெளியிட்டது. பெரிய துளிகள் 2 மீட்டருக்குள் விழுந்துவிடும், நுண்துளிகள் 10 மீட்டர் வரை போகலாம், வீட்டில் காற்றோட்டம் வையுங்கள், ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஏசி போடாதீர்கள் என்று அதில் இருந்தது. பெரியம்மா வீட்டுக் கூடம் மொத்தமே 10 மீட்டர் வராது. அறிவுரை அவர்கள் கைக்குக் கிடைத்தபோது காரியம் முடிந்திருந்தது.

எதிரணி அண்ணன் நியாயமான கேள்வி ஒன்று கேட்டார். ஒற்றை அறை வீட்டில், ஒரே ஜன்னல் உள்ளவன் என்ன செய்வான் என்று. கதவையும் அந்த ஜன்னலையும் சேர்த்துத் திறக்க வேண்டும். காற்றுக்கு வரும் வழியும் வேண்டும், போகும் வழியும் வேண்டும். டேபிள் ஃபேன் இருந்தால் அதை ஜன்னலைப் பார்த்து, உள்காற்றை வெளியே தள்ளும்படி வைக்கலாம். சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் சமைத்து முடித்த பிறகும் ஓடட்டும். நோயாளியும் அவரைப் பார்த்துக்கொள்பவரும் மாஸ்க் போடட்டும். இதில் பெரிய செலவு எதுவும் இல்லை. லிட்டர் லிட்டராகக் கிருமிநாசினி வாங்கத்தான் ஏழை வீட்டில் காசு கரைந்தது.

கை கழுவுவதை நான் எதிர்க்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சோப்பு அந்தக் கிருமியின் கொழுப்பு உறையை உடைக்கிறது. 20 விநாடி தேய்த்துக் கழுவத்தான் வேண்டும். வயிற்றுப்போக்கு முதல் எத்தனையோ நோய்க்கு அது தடுப்பு. கையைக் கழுவுங்கள். ஆனால் கழுவிவிட்டோம் என்ற நிம்மதியில் ஜன்னலைச் சாத்தாதீர்கள். சுத்தம் சோறு போடும் என்று எதிரணி சொன்னது. மூச்சுக்குள் போகும் காற்றுக்கும் அந்தச் சுத்தம் வேண்டாமா?

கடைசியாக, ஜன்னலைத் திறந்தால் கொசு வரும், டெங்கு வரும் என்றார்கள். உண்மைதான். அந்தப் பயம்தான் பெரியம்மாவையும் ஜன்னலைச் சாத்த வைத்தது. போன மாதம் அங்கே போயிருந்தேன். எல்லா ஜன்னலிலும் கொசுவலை அடித்திருக்கிறார். வலைக்குப் பின்னால் கதவுகள் இரண்டும் விரியத் திறந்து கிடக்கின்றன, பெரியப்பா படம் மாட்டியிருக்கும் அறையிலும்.

எங்கள் அணிக்குத் தீர்ப்பு வழங்கும்படி நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். வணக்கம்.