பழைய அமெரிக்க இலக்கியம் பள்ளிக்கு வேண்டும்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில், பெரும்பாலும் பதினோராம் வகுப்பில், அந்த நாடு பிரிட்டனின் காலனியாக இருந்த காலத்து இலக்கியம் பாடமாக இருக்கிறது. அது பிள்ளைகளுக்குச் சுமை, எடுத்துவிட்டு இன்றைய நாவல்களைக் கொடுங்கள் என்றார் எதிரணி நண்பர். மொழி கரடுமுரடு, பிரசங்கம் அதிகம், எல்லாரும் இணையத்தில் கதைச்சுருக்கம் பார்த்துத்தான் தேர்வு எழுதுகிறார்கள் என்றும் அடுக்கினார்.

மொழி கடினம்தான். ஆனால் அந்த மொழியில் பேசுவது யார்? 1761இல் ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பலில் கொண்டுவந்து பாஸ்டனில் விற்றார்கள். வந்த கப்பலின் பெயரையே அவளுக்கு வைத்தார்கள்: பிலிஸ். வாங்கிய குடும்பம் வீட்லி. அந்த பிலிஸ் வீட்லியின் கவிதைத் தொகுப்பு 1773இல் லண்டனில் வெளிவந்தது. ஒரு கறுப்பினப் பெண்ணால் இப்படி எழுத முடியுமா என்று சந்தேகம். அதனால், எழுதியது இவள்தான் என்று பாஸ்டனின் 18 பெரிய மனிதர்கள் கொடுத்த சான்று அந்தப் புத்தகத்திலேயே அச்சாகியிருக்கிறது. ஆளுநர் பெயர் உண்டு, ஜான் ஹான்காக் பெயரும் உண்டு. மூன்று வருடம் கழித்து அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் முதலில் கையெழுத்திட்ட அதே ஹான்காக்!

தன்னை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்ததைப் பற்றி அவள் எட்டே வரியில் ஒரு கவிதை எழுதினாள். கருணைதான் என்னைக் கொண்டுவந்தது என்று தொடங்குகிறாள். படிக்கிற பிள்ளைக்குக் கோபம் வரும், வரட்டும். கடைசி இரண்டு வரியில் கிறிஸ்தவர்களை நேராகக் கூப்பிட்டு, கறுப்பர்களும் தேவதூதர் வரிசையில் சேரலாம், நினைவிருக்கட்டும் என்கிறாள். பணிந்து போகிறாளா, எசமானர்களுக்கே பாடம் எடுக்கிறாளா? ஒரு வகுப்பு முழுக்க வாதாடலாம். எந்தச் சுருக்கத்தில் கிடைக்கும் இந்த வாதம்?

அப்புறம், அந்தப் பிரகடனத்தை வரைந்த தாமஸ் ஜெஃபர்சன். எல்லா மனிதரும் சமம் என்று 1776இல் எழுதியவர், பிலிஸின் கவிதைகள் விமர்சனத்துக்கே தகுதியற்றவை என்று பின்னால் எழுதினார். அடிமை வணிகத்தைக் கண்டித்து அவரே பிரகடன வரைவில் எழுதிய பத்தியை, காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய சபையான காங்கிரஸ் வெட்டியது. அவர் பண்ணையிலோ அடிமைகள் உழைத்தார்கள். இதையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிற மாணவர், பிரகடனத்தை வெறுமனே ஒப்பிக்க மாட்டார்; கேள்வி கேட்பார்.

பிரசங்கம் அதிகம் என்றால், சரி, குறையுங்கள். ஜொனாதன் எட்வர்ட்ஸ் என்ற காலனிக் காலத்துப் பாதிரியாரின் 1741ஆம் வருடப் பிரசங்கத்தில், கடவுள் மனிதனை நெருப்பின் மேல் சிலந்தியைப் போலப் பிடித்திருக்கிறார் என்கிற பகுதி மட்டும் போதும். பயமுறுத்திப் பணிய வைக்கும் பேச்சு எப்படி வேலை செய்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

இன்றைய நாவல்களையும் கொடுங்கள், நாங்கள் தடுக்கவில்லை. ஆனால் அடிமையாக இருந்தபோதே எழுதிய ஒரு பெண்ணின் எட்டு வரியை வெளியே தள்ளிவிட்டு அவற்றுக்கு இடம் தேடாதீர்கள் என்கிறது எங்கள் அணி. அதற்கேற்பத் தீர்ப்பு வழங்க வேண்டுகிறேன், நடுவர் அவர்களே. நன்றி.