டர்போ கார் எந்த கிளாஸ்? ரீபோர் பண்ணா கிளாஸ் மாறுமா?

நேயர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "என்னோடது போலோ ஜிடி, 1.2 டர்போ பெட்ரோல். நண்பரோடது போலோ 1.6, டர்போ கிடையாது, எஞ்சினை ரீபோர் பண்ணப் போறார் (சிலிண்டரைக் கடைஞ்சு பெருசாக்கறது). ரேலிக்குப் போனா யார் எந்த கிளாஸ்? நான் 1400க்குள்ள வருவேனா?"

வரமாட்டீங்க. கிளாஸ்னா எஞ்சின் சிசியை வச்சுப் பிரிக்கற போட்டிப் பிரிவு. ஆர்.சி.ல 1197 சிசின்னு இருக்கறது உண்மைதான். ஆனா உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வோட அப்பெண்டிக்ஸ் ஜே விதிப்படி, பெட்ரோல் எஞ்சின்ல டர்போ இருந்தா சிசியை 1.7 ஆல பெருக்கி, வர்ற எண்ணை வச்சுத்தான் கிளாஸ் பார்க்கணும். 1197 பெருக்கல் 1.7, 2034.9. குரூப் என், அதாவது அதிகம் மாத்தாத கார்களோட கணக்குல 1400 வரைக்கும் என்1, 1600 வரைக்கும் என்2, 2000 வரைக்கும் என்3, அதுக்கு மேல என்4. அதாவது வெறும் 35 சிசி கூடினதால, லான்சர் எவோவும் இம்ப்ரெசாவும் ஓடின கிளாஸுக்கு உங்க 1.2 போயிடுது. கேக்கறதுக்கு அநியாயமா இருக்கும். ஆனா டர்போ அதே சிலிண்டருக்குள்ள கூடுதல் காத்தை அழுத்தி அனுப்புது, அதை ஈடுகட்டத்தான் இந்தப் பெருக்கல். 999 சிசி டர்போன்னா 1698, என்3ல நிக்கும். டர்போ டீசலுக்கு 1.5, 1248 சிசி ஸ்விஃப்ட் டீசல் 1872 ஆயிடும்.

ஒரு விஷயம். சில போட்டிகள்ல டர்போவுக்குத் தனி கிளாஸே வச்சிருப்பாங்க, சிசி எல்லையும் மாறும். அதனால நீங்க போற போட்டியோட சப்ளிமென்டரி ரெகுலேஷன்ஸை (அந்தப் போட்டிக்கான தனி விதிப் புத்தகம்) வாங்கிப் படிச்சுட்டு அப்புறமா பேர் கொடுங்க.

இப்ப நண்பரோட கார். இங்கதான் ரொம்ப கவனமா இருக்கணும். அந்த 1.6 எஞ்சினோட போர், அதாவது சிலிண்டரோட உள்விட்டம், 76.5 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலயிருந்து கீழ போற தூரம், 86.9. கணக்கு இதுதான்: போரையும் ஸ்ட்ரோக்கையும் சென்டிமீட்டர்ல எடுத்து, போரை அதாலேயே பெருக்கி, 0.7854 ஆல பெருக்கி, ஸ்ட்ரோக்கால பெருக்கி, கடைசியா நாலு சிலிண்டருக்கு நாலால பெருக்குங்க. 1598 வரும். 1600க்கு ரெண்டே சிசிதான் மிச்சம். ரீபோர் பண்ணி 0.25 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் (பெரிய) பிஸ்டன் போட்டா 1608. 0.5 போட்டா 1619. என்2ல இருந்து என்3க்குப் போயாச்சு, அங்க ரெண்டு லிட்டர் எஞ்சினோட ஓடணும். போர் 76.55ஐத் தாண்டினாலே 1600 தாண்டிடும். ஹோனிங்ல (சிலிண்டரோட உள்சுவரைத் தேய்ச்சு மெருகேத்தறது) கை கொஞ்சம் கூடப் போனாலே போதும்.

"0.6 மில்லிமீட்டர் வரைக்கும் ரீபோர் பண்ணலாம்னு விதியில இருக்கே"ன்னு நிறைய பேர் சொல்வாங்க. குரூப் ஏ, அதாவது இன்னும் அதிகமா மாத்த அனுமதிக்கற பிரிவோட விதியில இருக்கு. ஆனா அதே வாக்கியத்துல, கிளாஸ் எல்லையைத் தாண்டக்கூடாதுன்னும் இருக்கு. அந்தப் பாதியைத்தான் விட்டுடறாங்க. ஸ்விஃப்ட் 1197க்கு இந்தக் கவலையே இல்லை: 73 மில்லிமீட்டர் போரை 73.5 ஆக்கினாலும் 1213தான், 1400க்கு எக்கச்சக்க இடம் இருக்கு.

அதனால நண்பர் லேத்துக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி போர் கேஜ் (உள்விட்டம் அளக்கற கருவி) வச்சு நாலு சிலிண்டரையும் மேல, நடுவுல, கீழன்னு அளந்து எழுதி வைக்கட்டும். தேய்மானம் அதிகமா இருந்தா ரீபோர் வேண்டாம், புது ஸ்லீவ் (சிலிண்டருக்குள்ள பொருத்தற உலோகக் குழாய்) அடிச்சு 76.5க்கே கொண்டு வரலாம். ரீபோருக்கு இருக்கற அதே நிபந்தனையோட ஸ்லீவுக்கும் குரூப் ஏல அனுமதி இருக்கு. செலவு கூடத்தான், ஆனா 1600லயே நிக்கலாம்.