ஒளிரும் ஸ்டிக்கருக்கு அரை ஆயுள் எவ்வளவு? | சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. ஒரு நேயர் கேட்டிருக்காங்க: "ரூம் சீலிங்ல ரேடியம் ஸ்டார் ஒட்டியிருக்கேன். லைட்டை அணைச்ச பத்து நிமிஷத்துலயே பாதிக்கு மேல மங்கிடுது. ஆனா விடியக்காலைல முழிச்சா அப்பவும் லேசா தெரியுது. அப்போ இதோட அரை ஆயுள் எவ்வளவு?"

பேர்தான் ரேடியம், உள்ள ரேடியம் கிடையாதுங்க. பச்சையா விடிய விடிய தெரியுதுன்னா, அது பெரும்பாலும் யூரோப்பியமும் டிஸ்ப்ரோசியமும் துளி கலந்த ஸ்ட்ரான்சியம் அலுமினேட். 1990கள்ல ஜப்பான்ல வந்த சரக்கு. அதுக்கு முந்தி இருந்த செம்பு கலந்த ஜிங்க் சல்ஃபைடு இவ்வளவு நேரம் தாங்காது.

அரை ஆயுள்னா வெளிச்சம் பாதியாகக் குறைய ஆகுற நேரம். நேர் பதில் என்னன்னா, இதுக்கு ஒரே அரை ஆயுள்னு ஒண்ணு இல்ல.

கணக்கு போட்டே பார்த்துடலாம். அவசர வழி காட்டுற ஒளிரும் பலகைகளை ஜெர்மனியோட டின் 67510 தரப்படி சோதிப்பாங்க. 150/22-2000ன்னு ஒரு பலகைக்குப் போட்டிருந்தா, விளக்கை அணைச்ச 10வது நிமிஷம் சதுர மீட்டருக்கு 150 மில்லிகேண்டெலா (பலகை எவ்வளவு ஒளிருதுங்கிற அளவு), 60வது நிமிஷம் 22, அது 0.3 ஆகக் குறைய 2000 நிமிஷம்னு அர்த்தம். 150ல இருந்து 22க்கு வர 50 நிமிஷம். இதுல அரை ஆயுள் கணக்கு போட்டா சுமார் 18 நிமிஷம் வரும். அதே வேகத்துல போனா மூணு மணி நேரத்துக்குள்ள 0.3க்கு வந்திருக்கணும். ஆனா நிஜத்துல 33 மணி நேரம் ஆகுது! அந்த 0.3ங்கிறதே, இருட்டுக்குப் பழகின கண்ணால பார்க்க முடியுற எல்லையை விட சுமார் நூறு மடங்கு அதிகம்.

ஏன் இப்படி? நீல வெளிச்சமோ புற ஊதாவோ பட்டதும் எலக்ட்ரான்கள் எகிறிப் போய் படிகத்துல இருக்கிற பொறிகள்ல, அதாவது எலக்ட்ரானைப் பிடிச்சு வைக்கிற குழி மாதிரி இடங்கள்ல, மாட்டிக்கும். அறையோட வெப்பம்தான் அதுங்களை ஒவ்வொண்ணா வெளிய தள்ளுது. வெளிய வந்தது யூரோப்பியத்துக்குத் திரும்பி பச்சை ஒளியா முடியுறதுக்கு மைக்ரோ விநாடி போதும். தாமதம் முழுக்கப் பொறியிலதான். எல்லாப் பொறியும் ஒரே ஆழம் இல்ல. பெரிய ஓட்டை, சின்ன ஓட்டைன்னு பல பானைல தண்ணி ஒழுகுற மாதிரி, ஆழம் கம்மியானது முதல்ல காலியாகிடும், ஆழமானது மெதுவாக் கசிஞ்சுட்டே இருக்கும். அதனால தோராயமா நேரம் இரட்டிச்சா வெளிச்சம் பாதி, இல்ல பாதிக்குக் கொஞ்சம் கீழ. 10 நிமிஷத்துல இருக்கிறது 20ல பாதி. ஒரு மணி நேரத்துல இருக்கிறது பாதியாக இன்னும் ஒரு மணி நேரம்.

வீட்டுலயே அளக்கலாம். வெளிச்சம் அளக்குற லக்ஸ் ஆப் வேண்டாம், அந்த 150 மில்லிகேண்டெலா கூட ஒட்டி வச்சுப் பார்த்தாலும் அரை லக்ஸுக்குள்ளதான், ஆப் பூஜ்யம்னே காட்டும். போனை ஸ்டாண்டுல வச்சு, ப்ரோ மோடுல ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 1 விநாடி, ஃபோகஸ் எல்லாத்தையும் பூட்டிட்டு 1, 2, 4, 8, 16, 32வது நிமிஷங்கள்ல ரா ஃபார்மட்ல (போன் திருத்தாத மூலப் படமா) எடுங்க. முதல் படத்துல ஸ்டிக்கர் வெள்ளையா வெளுத்துப் போனா ஐஎஸ்ஓவைக் குறைச்சு முதல்ல இருந்து எடுங்க. ஆட்டோல விட்டா போனே வெளிச்சத்தைக் கூட்டிடும், ஜேபெக்ல மதிப்பு நேர்விகிதமா இருக்காது. படத்துல ஸ்டிக்கரோட பச்சை மதிப்பை நிமிஷத்துக்கு எதிரா, ரெண்டு அச்சுலயும் லாக் அளவுகோல் (ஒவ்வொரு இரட்டிப்பும் சம தூரமா வர்ற அளவுகோல்) போட்டு வரைஞ்சா கிட்டத்தட்ட நேர்கோடு வரும். வளைஞ்சுதுன்னா ரெண்டு விஷயத்தைப் பாருங்க: ஸ்டிக்கர்ல நேத்து ஏறின சார்ஜ் மிச்சம் இருந்திருக்கும், இல்ல நடுவுல ஏசி போட்டிருப்பீங்க. குளிர்ந்தா எலக்ட்ரான் வெளிய வராது, மங்கும். ஒளிர்ற ஸ்டிக்கரை ஃப்ரீசர்ல கொஞ்ச நேரம் வச்சு எடுத்து உள்ளங்கைல பொத்திப் பாருங்க, மங்கினது திரும்பப் பளிச்சுன்னு வரும். புதுசா வெளிச்சம் ஒண்ணும் ஏறல, உள்ள அடைஞ்சு கிடந்ததுதான் வருது.

விடியக்காலைல தெரியுறதுக்கு உங்க கண்ணும் ஒரு காரணம். அரை மணி நேரம் இருட்டுல இருந்தாலே கண்ணோட உணர்திறன் பல மடங்கு ஏறிடும்.

அப்புறம், சார்ஜ் ஏத்த மஞ்சள் பல்பை விட வெள்ளை எல்இடி மேல், அதுல நீலம் ஜாஸ்தி. சிவப்பு வெளிச்சம் எவ்வளவு நேரம் காட்டினாலும் பிரயோஜனம் இல்ல. பொறிகள் நிரம்பினதுக்கு அப்புறம் எந்த வெளிச்சத்தைக் காட்டினாலும் அதுக்கு மேல ஏறாது. பவுடரா வாங்கி பெயிண்ட்ல கலக்குறவங்க, மேல்பூச்சு இல்லாத பவுடரைத் தண்ணி பெயிண்ட்ல போடாதீங்க, ஸ்ட்ரான்சியம் அலுமினேட் தண்ணில சிதைஞ்சு ஒளிர்றதே நின்னுடும். இரும்புக் கரண்டியும் வேண்டாம், பவுடர் ரொம்பக் கடினம், இரும்பைச் சுரண்டி சாம்பல் நிறமாக்கிடும். மரக்குச்சி போதும். அரைக்கவும் கூடாது, பொடி நுணுங்க நுணுங்க ஒளி குறையும்.